மிருகக்காட்சி சாலையைத் தானமாகக் கொடுத்தவர்: யார் இந்த ஜெரால்ட் டரல்?

1986 ஆகஸ்ட் 31. இங்கே நாம் சுதந்திர தினம் கொண்டாடிக்கொண்டிருந்த அதே நாள். ஐரோப்பாவில் ஜெர்சி என்ற சிறிய தீவின் மிருகக்காட்சி சாலையில், 5 வயதுச் சிறுவன் ஒருவன் கொரில்லாக்கள் இருந்த பகுதிக்குள் தவறி விழுந்தான். தலையில் அடி, நினைவில்லை. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் அலறினார்கள்.

ஜம்போ என்ற பெரிய ஆண் கொரில்லா மெல்ல அவன் பக்கத்தில் வந்தது. அடிக்கவில்லை. மற்ற கொரில்லாக்கள் நெருங்காதபடி நடுவில் நின்றது. சிறுவனின் முதுகைத் தொட்டுப் பார்த்தது. அவன் விழித்து அழத் தொடங்கியதும் ஜம்போ விலகிப் போக, மற்றவையும் பின்னால் போயின. சிறுவன் காப்பாற்றப்பட்டான்.

வருகையாளர் ஒருவர் எடுத்த அந்த வீடியோவை நீங்ககூட யூடியூபில் பார்த்திருக்கலாம். கொரில்லா என்றாலே சினிமாவில் வரும் கொடூர மிருகம் என்று நினைத்த பலரின் எண்ணத்தை அது மாற்றியது.

ஆனா, அந்தக் குட்டித் தீவில் கொரில்லாக் குடும்பம் எப்படி உருவானது தெரியுமா? ஒரு டெலிபோன் புத்தகத்தில் இருந்து! அதை வைத்துக்கொண்டு பணம் கேட்டவர்தான் ஜெரால்ட் டரல்.

மிருகக்காட்சி சாலைக்கு நாம் கொடுக்கும் பணம் உண்மையிலேயே காட்டு விலங்குகளைக் காப்பாற்றுமா? இந்தக் கேள்வி உங்களுக்கும் வந்திருக்கும். டரலின் வாழ்க்கையைப் பார்த்தால் ஓரளவு பதில் கிடைக்கும். வாங்க, பார்ப்போம்.

பிறந்தது இந்தியாவில்!

ஜெரால்ட் டரல் 1925 ஜனவரி 7ஆம் தேதி இந்தியாவின் ஜாம்ஷெட்பூரில் பிறந்தார். அப்பா பொறியாளர். ஜெரால்டுக்கு 3 வயது இருக்கும்போதே அப்பா இறந்துவிட்டார். அம்மா பிள்ளைகளோடு இங்கிலாந்துக்குக் கிளம்பினார்.

1935இல் குடும்பம் கிரேக்க நாட்டின் கோர்ஃபு தீவுக்குக் குடிபெயர்ந்தது. ஜெரால்டுக்கு அப்போது 10 வயது. ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போகவில்லை. பூச்சி, பல்லி, ஆமை, ஆந்தைக் குஞ்சு என்று கிடைத்ததை எல்லாம் வீட்டுக்குக் கொண்டுவந்தார். தியோடர் ஸ்டெஃபனிடிஸ் என்ற மருத்துவர் இயற்கையை எப்படிக் கவனிப்பது என்று அவருக்குக் கற்றுக்கொடுத்தார்.

இரண்டாம் உலகப் போர் நெருங்கியதும், 1939இல் குடும்பம் இங்கிலாந்து திரும்பியது. பட்டம் இல்லை, சான்றிதழ் இல்லை. செல்லப்பிராணிக் கடையில் வேலை பார்த்தார். போர் முடிந்ததும் விப்ஸ்நேட் மிருகக்காட்சி சாலையில் பயிற்சிப் பராமரிப்பாளராகச் சேர்ந்தார். கூண்டு கழுவுவது, தீனி போடுவது, சாணம் அள்ளுவது எல்லாம் அங்கே பழகியதுதான்.

அப்பா விட்டுப்போன பணம் என்ன ஆச்சு?

21 வயதானதும் டரலுக்கு அப்பாவின் சொத்தில் இருந்து 3,000 பவுண்ட் கிடைத்தது. அந்தக் காலத்தில் அது பெரிய தொகை. வீடு வாங்கியிருக்கலாம், வியாபாரம் தொடங்கியிருக்கலாம். அவர் கப்பல் ஏறினார்!

1947 இறுதியில் மேற்கு ஆப்பிரிக்காவின் கேமரூனுக்குப் போனார். காட்டில் விலங்குகளைப் பிடித்து இங்கிலாந்து மிருகக்காட்சி சாலைகளுக்கு விற்பதுதான் திட்டம். அடுத்து இன்னொரு முறை கேமரூன், அதன் பிறகு 1950இல் தென் அமெரிக்காவின் பிரிட்டிஷ் கயானா.

பயணங்கள் நன்றாகவே நடந்தன. கணக்குதான் உதைத்தது. பிடித்த விலங்குகளை நன்றாகக் கவனித்துக்கொள்ள அவர் நிறையச் செலவு செய்தார். மூன்றாவது பயணம் முடிந்தபோது அப்பாவின் பணம் கரைந்துபோயிருந்தது.

ஆனா வேறு ஒன்று அவர் மனதில் உறைத்தது. அப்போதைய மிருகக்காட்சி சாலைகள் பலவற்றில், ஒரு விலங்கு இறந்தால் காட்டில் இருந்து இன்னொன்றைப் பிடித்து வருவார்கள். காட்டில் எத்தனை மிச்சம் இருக்கிறது என்று கேட்பவர் குறைவு. விலங்குகளைப் பிடித்து விற்ற டரலே அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணிதான்.

அழிந்துபோகும் நிலையில் இருக்கும் இனங்களைப் பாதுகாப்பாக வளர்த்து, பெருக்கி, முடிந்தால் காட்டுக்கே திருப்பி அனுப்பும் ஓர் இடம் வேண்டும். இந்த யோசனை அவரைப் பிடித்துக்கொண்டது. கையிலோ காசு இல்லை.

பேனா எப்படிக் கைகொடுத்தது?

1951இல் ஜாக்கி என்பவரைத் திருமணம் செய்துகொண்டார் டரல். அக்கா வீட்டில் ஒரு சின்ன அறையில்தான் குடித்தனம். பெரிய அண்ணன் லாரன்ஸ் டரல் எழுத்தாளர். நீயும் எழுதேன் என்று அவர் தூண்டினார், ஜாக்கியும் விடவில்லை.

டரலுக்கு எழுதுவது அவ்வளவாகப் பிடிக்காது. ஆனா பணம் வேண்டுமே! முதலில் பிபிசி வானொலிக்கு ஒரு பேச்சு எழுதினார். அது எடுபட்டது. 1953இல் முதல் கேமரூன் பயணம் பற்றிய புத்தகம் வெளிவந்தது. 1956இல் கோர்ஃபு குழந்தைப் பருவத்தைச் சொல்லும் ‘மை ஃபேமிலி அண்ட் அதர் அனிமல்ஸ்’ வந்தது. அதுதான் அவரை உலகறியச் செய்தது.

பிறகு வாழ்நாள் முழுக்க எழுதினார், 30க்கும் மேற்பட்ட புத்தகங்கள். விலங்குகளுக்காகப் பணம் சேர்க்க அவர் கண்டுபிடித்த முதல் வழி, தன் எழுத்தை விற்பதுதான்.

விலங்குகள் இருந்தன, இடம் இல்லை!

1957இல் மீண்டும் கேமரூன் போனார். இந்த முறை பிடித்த விலங்குகளை விற்பதாக இல்லை. சொந்த மிருகக்காட்சி சாலை தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டார். ஆனா இடம்?

திரும்பி வந்தபோது விலங்குகள் இங்கிலாந்தின் போர்ன்மத் நகரில், அக்கா மார்கரெட் வீட்டுத் தோட்டத்திலும் கராஜிலும் தங்கின. பக்கத்து வீட்டுக்காரர்கள் என்ன நினைத்திருப்பார்கள், யோசித்துப் பாருங்க! கிறிஸ்துமஸ் சமயத்தில் சில விலங்குகளை ஒரு பேரங்காடியில் காட்சிக்கு வைத்தார்கள். நகர மன்றத்திடம் இடம் கேட்டு அலைந்தும் பயனில்லை.

கடைசியில் இடம் கிடைத்தது ஜெர்சியில். இங்கிலாந்துக்கும் பிரான்ஸுக்கும் நடுவே, பிரான்ஸ் கரைக்கு அருகில் இருக்கும் தீவு அது. பரப்பளவு சுமார் 118 சதுர கிலோமீட்டர். நம் பினாங்குத் தீவில் பாதிகூட இல்லை. அங்கே ஒரு பழைய மாளிகையை வாடகைக்கு எடுத்து, 1959 மார்ச் மாதம் மிருகக்காட்சி சாலையைத் திறந்தார் டரல். தொடங்குவதற்கான கடனுக்கு அவருடைய பதிப்பாளர் உத்தரவாதம் கொடுத்தார்.

டிக்கெட் காசு போதாதா?

பொதுவாக நாம் இப்படித்தான் நினைப்போம்: மக்கள் டிக்கெட் வாங்குகிறார்கள், அந்தக் காசில் மிருகக்காட்சி சாலை ஓடுகிறது.

கணக்கு அவ்வளவு சுலபம் இல்லை. ஜெர்சிக்குச் சுற்றுப்பயணிகள் வருவது கோடையில். குளிர்காலத்தில் நுழைவாயில் வெறிச்சோடிக் கிடக்கும். விலங்குகளுக்கோ 365 நாளும் பசிக்கும். குளிர்காலத்தில் வெப்பமூட்டும் செலவு வேறு.

இன்னொரு சிக்கலும் உண்டு. கூட்டம் சேர்ப்பது சிங்கமும் யானையும்தான். டரல் காப்பாற்ற நினைத்தது பெரும்பாலும் சின்னச் சின்ன உயிர்கள்: பெயர் தெரியாத பல்லி, பழுப்பு நிறப் பறவை, வௌவால். இவற்றைப் பார்க்க யார் வரிசையில் நிற்பார்கள்?

டரல் அங்கே சம்பளம் வாங்கவில்லை. புத்தக வருமானத்தில்தான் வாழ்ந்தார். அப்படியும் கடன் ஏறிக்கொண்டே போனது.

இந்த நேரத்தில்தான் அந்த டெலிபோன் புத்தகம் வருகிறது. ஒரு விலங்கு வணிகர் கொரில்லாக் குட்டி ஒன்று இருப்பதாகச் சொன்னார். வாங்கப் பணம் இல்லை. டரல் டெலிபோன் புத்தகத்தைத் திறந்து, தீவின் வசதியானவர்களை ஒவ்வொருவராக அழைத்தார். கொரில்லாவில் ஒரு பங்கு வாங்கிக்கொள்கிறீர்களா என்கிற மாதிரி கேட்டார். சிரித்தவர்களும் கொடுத்தார்கள். பணம் சேர்ந்தது. இன்போங்கோ என்ற பெண் கொரில்லா ஜெர்சிக்கு வந்து சேர்ந்தது.

பின்னாளில் நண்டி என்ற இன்னொரு பெண் கொரில்லாவும் சேர்ந்தது. 1972இல் சுவிட்சர்லாந்தின் பாசல் மிருகக்காட்சி சாலையில் இருந்து ஜம்போ வந்தது. ஜம்போ காட்டில் பிடிபட்டது இல்லை, பாசலிலேயே பிறந்தது. அடுத்த ஆண்டு முதல் ஜெர்சியில் குட்டிகள் பிறக்கத் தொடங்கின. முதலில் பார்த்தோமே, அந்தக் கொரில்லாக் குடும்பத்தின் தொடக்கம் டெலிபோனில் கேட்டு வாங்கிய நன்கொடைதான்.

மலாயாவுக்கும் வந்தார்!

1962இல் பிபிசி படக்குழுவுடன் நியூசிலாந்து, ஆஸ்திரேலியா, மலாயா ஆகிய மூன்று இடங்களுக்கும் டரல் பயணம் செய்தார். அருகிவரும் விலங்குகளுக்கு அந்தந்த நாட்டில் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பதே நோக்கம். நம் தாமான் நெகாரா காட்டுக்குப் போனார். திரெங்கானு கடற்கரையில் ஆமைகள் முட்டையிட வருவதையும் பார்த்தார். ‘டூ இன் த புஷ்’ என்ற புத்தகத்தில் அந்த அனுபவம் இருக்கிறது.

அப்போது திரெங்கானுவின் ரந்தாவ் அபாங் கரைக்குப் ‘பென்யு பெலிம்பிங்’ எனப்படும் தோல்முதுகு ஆமைகள் பெரும் எண்ணிக்கையில் வரும். இன்று அங்கே ஒன்று வந்தாலே செய்திதான். நம் காடுகளில் சுமத்ரா காண்டாமிருகமும் இருந்தது. 2019 நவம்பரில் சபாவில் ‘இமான்’ இறந்தபோது மலேசியாவின் கடைசிச் சுமத்ரா காண்டாமிருகமும் போய்விட்டது.

இதில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று. ஓர் இனத்தில் சில நூறு இருக்கும்போது செலவழிக்கும் பணமும், நான்கைந்து மட்டும் மிஞ்சிய பிறகு செலவழிக்கும் பணமும் ஒரே பலனைத் தராது. தாமதம் ஆக ஆக, எவ்வளவு கொட்டினாலும் போதாது.

1963: தன்னுடையதை ஊருக்குக் கொடுத்தார்

ஊர் திரும்பிய டரலுக்கு முன்னால் இரண்டே வழிகள். மிருகக்காட்சி சாலையை மூடுவது, அல்லது அதைத் தன் சொந்தச் சொத்தாக வைத்திருப்பதை விடுவது.

அவர் இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். 1963 ஜூலையில் ஜெர்சி வனவிலங்குப் பாதுகாப்பு அறக்கட்டளை உருவானது. மிருகக்காட்சி சாலை அதன் கைக்குப் போனது. பழைய கடன் அறக்கட்டளையை அழுத்தக்கூடாது என்று, அதைத் திருப்பிக் கட்டும் பொறுப்பை டரல் தானே ஏற்றார். புத்தகங்கள் எழுதித்தான் அடைக்க வேண்டும்!

பெயர் மாறியதால் என்ன வித்தியாசம் என்று கேட்பீங்க.

- தனியாரின் மிருகக்காட்சி சாலைக்கு நன்கொடை கொடுத்தால், அது ஒரு மனிதருக்குச் செய்யும் உதவி. அறக்கட்டளைக்குக் கொடுத்தால், அது ஒரு நோக்கத்துக்குப் போகும். கணக்குக் காட்டும் கடமையும் வரும்.

- சந்தா கட்டும் உறுப்பினர்கள் சேர்ந்தார்கள். ஜெர்சியைப் பார்க்காதவர்களும், டரலின் புத்தகங்களைப் படித்துவிட்டு வெளிநாடுகளில் இருந்து சந்தா அனுப்பினார்கள். குளிர்காலத்திலும் வருமானம் வந்தது.

- கூட்டம் சேர்க்காத விலங்குகளுக்கும் செலவு செய்ய முடிந்தது. டிக்கெட் வாங்குபவர் பார்க்க வருகிறார். நன்கொடை கொடுப்பவருக்கு, தான் ஒருபோதும் பார்க்கப் போகாத பறவையும் முக்கியம்தான்.

அறக்கட்டளையின் சின்னம் டோடோ. மொரிஷியஸ் தீவில் வாழ்ந்து, மனிதர்கள் வந்து சேர்ந்த பிறகு 17ஆம் நூற்றாண்டில் அழிந்துபோன பறவை அது. அதே மொரிஷியஸில்தான் டரலின் முயற்சிக்குப் பெரிய சோதனை காத்திருந்தது.

மொரிஷியஸில் என்ன நடந்தது?

ரூபாய் நோட்டில் தமிழ் எழுத்து இருக்கும் நாடு என்று மொரிஷியஸ் உங்களுக்குத் தெரிந்திருக்கும். 1970களில் அங்கே பல உயிரினங்கள் டோடோ போன வழியில் போய்க்கொண்டிருந்தன.

மொரிஷியஸ் கெஸ்ட்ரல் என்ற சிறிய வல்லூறு ஒன்று உண்டு. 1974இல் காட்டில் தெரிந்தவரை எஞ்சியிருந்தவை வெறும் 4. காடு அழிந்தது ஒரு காரணம், மலேரியாவை ஒழிக்கத் தெளித்த டிடிடி மருந்து இன்னொரு காரணம். இளஞ்சிவப்புப் புறாவின் நிலையும் மோசம். 1990களின் தொடக்கத்தில் காட்டில் சுமார் 10 மட்டுமே மிஞ்சின. எலி, பூனை, வெளியில் இருந்து கொண்டுவரப்பட்ட குரங்கு எல்லாம் முட்டையையும் குஞ்சையும் தின்றன. அது என்ன குரங்கு தெரியுமா? நம்ம ஊர் ‘கெரா’தான்!

டரல் 1976இல் மொரிஷியஸ் போனார். பிறகு கார்ல் ஜோன்ஸ் என்ற இளம் உயிரியலாளர் அங்கே போய், பல பத்தாண்டுகள் அந்த வேலையைச் செய்தார். டரலின் அறக்கட்டளை அவருக்குத் துணை நின்றது.

வேலை எப்படி நடந்தது? கெஸ்ட்ரல் கூட்டில் இருந்து முதல் முட்டைகளை எடுத்துவிடுவார்கள். பறவை மறுபடியும் முட்டையிடும். எடுத்த முட்டைகளைக் கருவியில் பொரிக்க வைத்து, குஞ்சுகளைக் கையால் வளர்ப்பார்கள். கூடு கட்டப் பெட்டி வைப்பார்கள். காட்டில் விட்ட பிறகும் தீனி கொடுப்பார்கள். புறாவுக்கும் அப்படித்தான்: ஜெர்சியிலும் மொரிஷியஸிலும் கூண்டுகளில் வளர்த்து, காட்டில் எலியையும் பூனையையும் கட்டுப்படுத்தி, பிறகு விட்டார்கள்.

இன்று கெஸ்ட்ரல் சில நூறு இருக்கின்றன. இளஞ்சிவப்புப் புறா 400ஐத் தாண்டிவிட்டது. ‘மிக மோசமான ஆபத்து’ என்ற நிலையில் இருந்த அந்தப் புறா, படிப்படியாக முன்னேறி 2018இல் இரண்டு படி குறைவான ஆபத்துப் பட்டியலுக்கு மாறியது.

இதில் சினிமாத்தனம் எதுவும் இல்லை. ஆண்டுக்கணக்கில் முட்டை எண்ணுவது, எலிப்பொறி வைப்பது, எடை பார்த்து எழுதி வைப்பது. நன்கொடைப் பணத்தில் பெரும்பகுதி இந்த மாதிரி அலுப்பான வேலைக்குத்தான் போகும். ஆராய்ச்சி என்றாலும் அதுதான்: எந்தத் தீனி கொடுத்தால் குஞ்சு பிழைக்கிறது என்று விடாமல் குறித்து வைப்பது.

மனிதர்களுக்கும் செலவு

விலங்கைக் காப்பாற்ற அந்தந்த நாட்டு ஆட்கள் வேண்டும் என்று டரல் நம்பினார். 1970களின் பிற்பகுதியில் ஜெர்சியிலேயே பயிற்சித் திட்டம் தொடங்கியது. முதல் மாணவர் மொரிஷியஸைச் சேர்ந்த யூசுஃப் முங்ரூ. பின்னர் தம் நாட்டின் முதல் தேசியப் பூங்காவுக்கு அவரே இயக்குநர் ஆனார். அவருக்குப் பிறகு நூற்றுக்கும் மேற்பட்ட நாடுகளில் இருந்து ஆட்கள் வந்து படித்துப் போயிருக்கிறார்கள்.

டரல் பிறந்த இந்தியாவிலும் ஒரு பலன் தெரிகிறது. உலகின் மிகச் சிறிய காட்டுப்பன்றியான பிக்மி பன்றி அசாமில் வாழ்கிறது. அதைக் காப்பாற்றும் திட்டத்தில் அவருடைய அறக்கட்டளையும் ஒரு பங்காளி. 1996இல் பிடித்த 6 பன்றிகளில் தொடங்கிய இனப்பெருக்கத்தின் பலனாக, 2008 முதல் பிக்மி பன்றிகளைக் காட்டில் விட்டுவருகிறார்கள்.

அப்போ குறையே இல்லாத மனிதரா?

இல்லை. இளம் வயதில் காட்டு விலங்குகளைப் பிடித்து விற்றவர். டெலிபோன் புத்தகம் பார்த்து வாங்கிய இன்போங்கோவும் வணிகர் வழியாக வந்த குட்டிதான். இன்று அப்படி வாங்குவதைச் சட்டமும் ஏற்காது, அவருடைய அறக்கட்டளையும் ஏற்காது.

குடிப்பழக்கம் அவர் உடம்பைக் கெடுத்தது. வேலைப் பளு, பணக் கவலை, மனச்சோர்வு எல்லாம் சேர்ந்து முதல் திருமணம் முறிந்தது. 1977இல் அமெரிக்காவில் உரையாற்றிப் பணம் திரட்டப் போன இடத்தில் லீ மெக்ஜார்ஜ் என்ற விலங்கியல் மாணவியைச் சந்தித்தார். 1979இல் இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். லீ அவருடைய வேலையிலும் துணையானார்.

கூண்டில் விலங்கை வைப்பதே தவறு என்று வாதிடுபவர்கள் அன்றும் இருந்தார்கள், இன்றும் இருக்கிறார்கள். அந்த வாதத்தை ஒதுக்கிவிட முடியாது. பல மிருகக்காட்சி சாலைகள் மோசமானவை என்று டரலே சொல்லி வந்தவர்தான். பாதுகாப்புக்கும் ஆராய்ச்சிக்கும் கல்விக்கும் உதவாத இடம் இருக்கத் தேவையில்லை என்பது அவர் நிலைப்பாடு.

1994இல் அவருக்குக் கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை நடந்தது. 1995 ஜனவரி 30ஆம் தேதி, 70 வயதில், ஜெர்சியில் காலமானார். அவருடைய அஸ்தி அந்த மிருகக்காட்சி சாலையிலேயே புதைக்கப்பட்டது. 1999இல் அறக்கட்டளைக்கு அவர் பெயரையே வைத்தார்கள். உரிமையை விட்டுக்கொடுத்ததால், அவர் போன பிறகும் வேலை நிற்கவில்லை.

சரி, நமக்கும் இதற்கும் என்ன?

ஜெர்சி அறக்கட்டளை பிறந்த அதே 1963இல், நவம்பர் 14ஆம் தேதி, நம் ஜூ நெகாரா திறக்கப்பட்டது. பெயரில் ‘நெகாரா’ இருப்பதால் அது அரசாங்கத்துடையது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். அதை நடத்துவது மலேசிய விலங்கியல் சங்கம், ஓர் அரசு சாரா அமைப்பு.

2020இல் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து கதவு மூடியபோது டிக்கெட் வருமானம் நின்றது. தீனிச் செலவு நிற்கவில்லை. பொதுமக்களிடம் நன்கொடை கேட்டார்கள், மக்களும் கொடுத்தார்கள். ஜெர்சியின் குளிர்காலக் கணக்கு நம் வாசலுக்கே வந்த காலம் அது.

அங்கேயும் காட்டுக்கான வேலை நடந்திருக்கிறது. அழிவின் விளிம்பில் இருக்கும் மில்கி ஸ்டோர்க் நாரைகளை அங்கே வளர்த்துப் பெருக்கி, பேராக்கின் கோலா குலா சதுப்பு நிலத்தில் விட்டிருக்கிறார்கள்.

நீங்க மாணவராக இருக்கலாம், இப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருக்கலாம். 10 ரிங்கிட் கொடுத்தாலும் உங்கள் காசு, உங்கள் உரிமை. எந்த மிருகக்காட்சி சாலைக்குக் கொடுப்பதாக இருந்தாலும் இதை எல்லாம் கேட்டுப் பாருங்க:

- அதை நடத்துவது யார்? கணக்கு வெளியிடுகிறார்களா?

- பணம் எதற்குப் போகிறது? தீனிக்கா, கட்டடத்துக்கா, காட்டில் நடக்கும் வேலைக்கா? மூன்றும் தேவைதான், ஆனா எது என்று தெரிந்து கொடுங்க.

- அங்கே பிறந்த விலங்கு எதுவாவது காட்டுக்குத் திரும்பியிருக்கிறதா? இல்லை என்றால், காட்டைக் காக்கும் வேறு திட்டத்துக்கு உதவுகிறார்களா?

- ஒருமுறை கொடுப்பதா, மாதாமாதம் கொஞ்சமா? முட்டை எண்ணும் வேலை ஆண்டுக்கணக்கில் நடக்கும். சிறு தொகையானாலும் தொடர்ந்து வந்தால் திட்டமிட முடியும்.

பதில் சொல்லத் தயங்கும் இடமாக இருந்தால், நீங்களும் தயங்கலாம். நல்ல பதில் வந்தால் கொடுங்க. டரல் டெலிபோனில் அழைத்தபோது ஜெர்சிக்காரர்களும் ஒரு கொரில்லாவின் சிறு பங்கைத்தான் கொடுத்தார்கள்.